முதுகில் அடிக்கும் காற்று

தூவா தன் முதல் மானுக்காகக் காத்திருக்கிறாள். "இது உனக்குன்னே வச்ச இடம், அசையாம நில்லு" என்று சொல்லி, குழுத்தலைவர் சிக்ஸ்டன் விடிந்ததும் அவளை பிர்ச் மரங்களின் ஓரம் நிறுத்திப் போயிருக்கிறார். புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. மான்களை விரட்டிவரும் நாய்களின் குரைப்பு நெருங்குகிறது. புதர் விலகி ஓர் ஆண்மான் எட்டிப் பார்க்கிறது. அவள் மூச்சை அடக்குகிறாள். மான் மூக்கை உயர்த்தி முகர்கிறது. மறுகணமே திரும்பி, மற்றவர்கள் நிற்கும் பள்ளத்துக்குள் பாய்கிறது. காற்றின் திசை பார்க்கத் துப்பாக்கிக் குழலில் அவள் கட்டிய கம்பளி நூல் காட்டை நோக்கி நீண்டு ஆடுகிறது. காற்று அவள் முதுகில் அடிக்கிறது. வேட்டை உரிமத் தேர்வின் முதல் பாடமே காற்று முகத்தில் படவேண்டும் என்பதுதான். பள்ளத்தில் ஒரு வெடி. ரேடியோவில் சிக்ஸ்டனின் குரல் கரகரக்கிறது. "விழுந்துருச்சு! உன் வாசனைக்கு மிரண்டு நேரா என் மடிக்கே வந்துச்சு, தூவா. அடுத்த வருஷமும் அங்கயே நில்லு, தாயி!" ஐந்தாறு குரல்கள் சிரிக்கின்றன. அவள் பொத்தானை அழுத்துகிறாள். "வேலியா நிக்கிறதுக்கு எதுக்குத் துப்பாக்கி, சிக்ஸ்டன்?" சிரிப்பு நிற்கிறது. கூப்பிடும்வரை இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது விதி. யாரும் கூப்பிடவில்லை. தூவா நிற்கிறாள்.