வேப்பிலைக் காவல்

வாசல் நிலைக்கு மேலே வேப்பிலைக் கொத்து தொங்கியது. படியில் தெளித்த மஞ்சள் நீர் இன்னும் உலரவில்லை. அம்மை கண்டு, மாரியன்னை எழுந்தருளியிருக்கும் இல்லம் என்பதற்கு அதுவே அடையாளம். வீடு வீடாகச் சென்று அம்மை குத்தும் கருணாகரன், மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் கால் வைக்காமல் தெருவிலேயே நின்றார்.

உஸ்மான் சாலைக்குப் பின்னுள்ள அத்தெருவில் ஏனைய குழந்தைகள் எல்லோருக்கும் குத்தியாகிவிட்டது. எஞ்சியவள் இவ்வீட்டின் மூன்று வயதுச் சீதா ஒருத்தியே. கிண்டியில் பெரியம்மை கண்ட ஒருவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்று ஐந்து நாள்கள்தாம் ஆகியிருந்தன.

சென்ற மாதம் அவர் வந்தபோது, குழந்தையின் தாத்தாவும் ஜவுளிக்கடை உரிமையாளருமான தனபாலன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "அம்மன் குடுக்கதை ஊசியா தடுக்கும்? என் உசிரு இருக்க வரைக்கும் இந்த வீட்டுப் பிள்ளை மேல ஊசி முனை படாது" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்று அக்குரல் கேட்கவில்லை. அடுக்களையில் கடுகு வெடிக்கும் ஓசையும், அதைத் தொடர்ந்து கறிவேப்பிலை மணமும் வந்தன. கருணாகரன் குரல் கொடுத்ததும், தனபாலனின் மருமகள் சண்முகவடிவு கதவைச் சிறிதளவே திறந்து, அந்த இடைவெளியையும் தன் உடம்பால் அடைத்துக்கொண்டாள்.

"உள்ள வராதீய சார். பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு."

"எத்தினி நாளா?"

"மூணு நாளா."

"ஊட்ல வேற யாரு கீறாங்க?"

"நானும் பிள்ளையும்தான். வெளிய போய்ட்டு வாரவுக இந்த நேரத்துல வரக் கூடாதுன்னு மாமாவும் பிள்ளையோட அப்பாவும் கடை மாடியிலயே தங்கிட்டாவ. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தின பொறவுதான் வருவாவ."

"கொப்புளம் எங்கெங்க? மூஞ்சிலயா, உள்ளங்கையிலயா?"

அவள் தரையைப் பார்த்தாள். "எல்லா எடத்துலயும்தான்."

கருணாகரனின் ஐயம் வலுத்தது. மெய்யாகவே பெரியம்மை என்றால் இத்தெருவே ஆபத்தில் இருக்கிறது. இல்லையென்றால் இவள் எதையோ மறைக்கிறாள். அவர் குறிப்பேட்டைப் பிரித்தார்.

"தோ பாரும்மா, நான் எழுதிட்டேன்னா மத்தியானமே வண்டி வந்துடும். புள்ளைய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுவாங்க."

"வண்டியெல்லாம் வேண்டாம் சார்." அவள் முகம் வெளிறியது.

அவ்வேளையில் அவள் புடவைக்குப் பின்னிருந்து ஒரு சிறு முகம் எட்டிப் பார்த்தது. அதில் ஒரு புள்ளியும் இல்லை. பங்குனி வெயிலில் குழந்தைக்கு மணிக்கட்டு வரை நீண்ட முழுக்கைச் சட்டை போடப்பட்டிருந்தது.

"ம்மா, ரசஞ்சோறு."

கருணாகரன் குறிப்பேட்டை மெல்ல மூடினார்.

"நானும் மாரியாத்தாவக் கும்புடறவன்தாம்மா. ஆத்தா எறங்கின ஊட்ல எவளாவது தாளிப்பாளா? தெருவு வரைக்கும் வாசன அடிக்குது."

அவள் குழந்தையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் படி ஏறக் கூடாதுன்னுதானே இந்தக் கொத்து? பெரியவரு யோசனையா?"

"இல்ல சார், என் யோசனைதான். தாளிக்காத ரசத்தைப் பிள்ளை ரெண்டு நாளாத் துப்புதா. அதான், இன்னைக்கு மட்டும்..."

"நல்லா யோசிச்ச போ. நாளைக்கு நெஜமாவே வந்துச்சுன்னா, அப்போ வாசல்ல இன்னாத்தத் தொங்க உடுவ? பெத்தவதானே நீ?"

சண்முகவடிவு தெருவின் இரு முனைகளையும் பார்த்தாள். எவரும் இல்லை என்று தெளிந்தபின் கதவைத் திறந்துவிட்டு, "உள்ள வாங்க" என்றாள். அவர் நுழைந்ததும் தாழ்ப்பாளும் போட்டாள்.

இவள் என்ன செய்யப் போகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பையைத் திறந்து ஊசியை எடுத்தார்.

"அதை உள்ள வைங்க சார்." அவள் மண்டியிட்டு, குழந்தையின் இடக்கைச் சட்டையைத் தோள் வரை சுருட்டினாள்.

மேற்கையில் ஒரே ஒரு கொப்புளம். முத்தைப் போல் திரண்டு, தன்னைச் சுற்றிச் சிவந்த வளையமொன்று பூண்டிருந்தது, வேறெங்கும் தடிப்பில்லை. தாம் குத்தியது பலித்ததா என்று எட்டாம் நாள் திரும்பி வந்து அவர் தேடுவது இதைத்தான். இப்படிப் பல்லாயிரம் கைகளை அவர் கண்டிருக்கிறார்.

"யாரு குத்தினது?" அவர் குரல் தணிந்திருந்தது.

"நந்தனத்துல, என் சிநேகிதி வீட்டுத் தெருவுல வந்து குத்துனாவ. போன வெள்ளிக்கிழமை. வீட்டுல யாருக்கும் தெரியாது. கை வீங்கிக் காய்ச்சலும் வந்துட்டு. என்ன ஏதுன்னு மாமா சட்டையைக் கழத்திப் பாத்தா, என்னைய அன்னைக்கே ஊருக்கு ரயிலேத்தி விட்டிருப்பாவ."

"சரிம்மா. வேப்பிலையப் பாத்துட்டுக் கிட்ட வராம கீறாரு. இது காஞ்சாலும் தழும்பு ஆயுசுக்கும் நிக்குமே. அத்தப் பாத்துட்டுக் கேட்டாருன்னா?"

சட்டைக் கையை இறக்கிவிட்டபடி, சண்முகவடிவு முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கேக்க மாட்டாவ சார். ஆத்தா போட்ட முத்துன்னு கையெடுத்துக் கும்பிடுவாவ."