ஒன்பது கிரகமும் நாலு எம்.பி.யும்

“எப்படியாவது இதைப் பிழைக்க வச்சிரு மக்கா. எனக்க மகளுக்க ஜீவிதம் உனக்க கையிலயாக்கும்.”

செல்லசாமி ஜெயனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் காலையே பிடித்திருப்பார். ஜெயன் பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த தூசியை ஊதினான்.

பாறசாலைப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் செல்லசாமி வீடுதான். அவருக்கு ஜோசியம் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்று அவர் நம்பினார், ஊரும் நம்பியது. பேரையும் பிறந்த நேரத்தையும் தட்டுவது மகள் சுமி. தொண்டையைச் செருமிக்கொண்டு, வெற்றிலை மேல் வைத்துத் தாளை நீட்டுவது மட்டும் அவர்.

அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் சுமிக்கே செவ்வாய் தோஷம் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டது. பெண் கேட்டு வந்தவர்கள் தாளைப் பார்த்ததும் சாயாவைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறந்தபோது எழுதிய ஜாதகத்தைக் கறையான் தின்றுவிட்டது. வேறு ஜோசியரிடம் காட்டலாம்தான். காட்டினால், சொந்த மகளுக்கே இவர் கம்ப்யூட்டரை நம்பவில்லை என்று ஊர் சிரிக்கும். பிறகு தாள் வாங்க யார் வருவார்கள்?

மெஷின் பழசு, அதனால்தான் தப்பாகச் சொல்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். அமரவிளையிலிருந்து ஜெயனை வரவழைத்துப் போன மாதம் ஹார்டு டிஸ்க்கை மாற்றினார். தோஷம் அப்படியே இருந்தது. இன்றைக்கு மெமரி.

“கிரகம் ஒம்பது உண்டு மக்கா. நீ சொன்ன அந்த நாலு எம்.பி.யில அதெல்லாம் எங்க போய் உக்காரும்? எடமில்லாம சொவ்வா மாறி உக்காந்திருக்கு. அதாக்கும் காரியம்.”

ஜெயன் சிரிக்கவில்லை. “பதினாறு ஆக்கிருவோம் மாமா.”

“வெளக்கு கொளுத்துன நேரத்துல பெறந்த பிள்ளையாக்கும். அம்மை இல்லாத்த பிள்ளை. இவளுக்கா தோஷம்?” அவர் குரல் உடைந்தது. “தோஷம் உள்ளவளுக்குத் தோஷம் உள்ளவனையே பாக்கணும். அப்படி ஒருத்தனை நான் எங்க போய்த் தேடுவேன்?”

சுமி அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கீபோர்டு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெயன் புது மெமரியைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டான். திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. செல்லசாமி கண்ணை மூடி, “நெய்யாற்றின்கரைக் கண்ணா, இந்த ஒரு தடவை மட்டும்” என்று முணுமுணுத்தார். வோல்டேஜ் ஒருமுறை அமுங்கி, எழுந்து நின்றது.

சுமி வழக்கம்போல் தன் பேரைத் தேடி எடுத்து ஒரு பட்டனை அழுத்தினாள். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு தாளை வரிவரியாகத் தள்ளியது. முழுவதும் வருவதற்குள் அவர் பிடுங்கிவிட்டார்.

“பேரு சரி. தேதி சரி. ஆறு பத்து, அதுவும் சரி.” அதற்குப் பிறகு இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்ட அவருக்குப் பொறுமை ஏது? விரல் நேரே ராசிக் கட்டத்துக்கு இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

“பன்ரெண்டுல சொவ்வா.”

செல்லசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். “புதுசும் இதையே சொல்லுதே மக்கா. இந்தத் தாளைக் குடுத்தாக்கும் எத்தனை பெண்ணுக்க கல்யாண ஆலோசனையை நான் முடக்கியிருக்கேன். அந்தப் பாவம் எனக்க பிள்ளைக்க தலையில விழுந்துட்டு.” தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வயது வந்த மகள் முன்னால் ஒரு தகப்பன் அப்படி அழக் கூடாது.

“மதி அப்பா, அழுதது போதும்” என்றாள் சுமி. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

“இன்னும் என்ன மாத்தலாம்? நீ சொல்லு ஜெயா, என்ன வேணும்னாலும் மாத்து.”

“இனி மாத்த ஒண்ணும் இல்ல மாமா.” ஜெயன் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே தயங்கினான். “பின்ன... எனக்கும் ஏழுல சொவ்வாயாக்கும். தோஷம் உள்ள பெண்ணு வேணும்னு தேடித் தேடி அம்மை மடுத்துச் சலிச்சுப் போனா.”

செல்லசாமி தலையைத் தூக்கினார். இத்தனை நாளும் வீட்டுக்கு வந்துபோன பையனை அப்போதுதான் பார்ப்பவரைப்போலப் பார்த்தார்.

“ஏழுலயா? ஒள்ளதா மக்கா?”

“ஒள்ளது மாமா.”

கையில் கசங்கிக் கிடந்த தாளை முழங்காலில் வைத்து நீவி நீவிச் சரியாக்கினார். கொஞ்சம் முன்னால் கிழித்துப்போடத் துடித்த அதே தாள். “அம்மை இப்பம் வீட்டுல உண்டா? இரு, நானே போய்ப் பேசிட்டு வாறேன்.” சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டனை நடந்துகொண்டே போட்டுக்கொள்ளலாம் என்று பஸ்ஸுக்கு ஓடினார்.

கேட் சாத்திய சத்தம் கேட்டதும் சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையில் ஆறு பத்துக்குப் பக்கத்தில் இருந்த ‘ஏ.எம்.’ மேல் விரலை வைத்தாள்.

“கல்யாணம் கழிஞ்ச பெறவாவது, நான் சாயங்காலம் பெறந்துக்கிடட்டா?”