தையல் கடையில் அடைக்கோழி

"என் மகாராணி மட்டும் அடையில உட்கார்ந்தான்னா, கூழாங்கல்லை வச்சாக்கூட குஞ்சு பொரிச்சிடுவா!"

தையல்காரர் கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துச் சொன்னதைக் கேட்டு, கோட்டு மாட்டிய மரப்பொம்மையே சிரித்திருக்கும். மச்சான் சிரித்தார், வயிறு குலுங்க. குஞ்சு பொரிக்கும் மெஷின் விற்கிறவர் ஆயிற்றே!

"மாப்பிள்ளே, இது பண்ணைக் கோழி. முட்டையைப் போட்டுட்டு அதுபாட்டுக்கு மேயப் போயிடும். உட்காரவே தெரியாது."

"உட்கார வைக்கிறேனா இல்லையா, பாருங்க."

"குஞ்சு பொரிச்சா, மெஷின்னு இந்த வாசல்ல வாயே திறக்க மாட்டேன். பொரிக்கலைன்னா கடையில முன்பாதி எனக்கு. மெஷினா அடுக்கிடுவேன்."

தையல்காரர் கையடித்துக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் கடையைத் திரும்பிப் பார்த்தார். கடையில் வெளிச்சமே முன்பாதியில்தான். பின்பாதியில் ஊசிக்கு நூல் கோப்பதற்குள் கண் பிதுங்கிவிடும்.

வெட்டும் மேஜைக்கு அடியில் மரப்பெட்டி வைத்தார். வெட்டுத்துணியில் மெத்தை, கறுப்புக் கோட்டுத்துணியில் திரை, முட்டை என்று நம்பவைக்க டேபிள் டென்னிஸ் பந்துகள். சத்தம் ஆகாதென்று தையலையே நிறுத்திவிட்டார்.

"என் கோட்டு என்னாச்சு?" என்று வந்தார் வக்கீல்.

"உஸ்ஸ்! உள்ளே ஒருத்தி உட்காரலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருக்கா. கெடுத்துடாதீங்க."

சொன்ன தேதிக்கு ஒரு பொத்தான்கூடத் தைத்துக் கொடுத்தறியாத மனுஷர், கோழி மட்டும் சொன்னபடி நடக்கவேண்டும் என்று தவம் கிடந்தார். மகாராணி போவாள், பந்தைக் கொத்துவாள், வெளியே வந்துவிடுவாள். திடீரென்று ஒரு நாள் போனவள் வரவே இல்லை. கையை நீட்டினால் இறகை உப்பிக்கொண்டு ஓர் உறுமல்; அதைக் கேட்ட எதிர்க்கடை நாய் தெருவைவிட்டே ஓடிப்போனது.

சேதி தெரிந்து மச்சான் கூடையோடு வந்தார். "என்ன இருந்தாலும் சொந்தம் இல்லையா? நல்ல சாதி முட்டையா நானே கொண்டாந்திருக்கேன். தொட்டுப் பாருங்க, இன்னும் சூடுகூட ஆறலை!"

தையல்காரர் தொட்டுப் பார்த்து உருகிப்போனார். அடைக்கென்று பால்காரர் கொடுத்திருந்த முட்டைக் கூடையைச் சமையலுக்குத் தள்ளிவிட்டார்.

"ரெண்டு பேரும் நகருங்க. நீங்க போடற சத்தத்துல அது எந்திரிச்சு ஓடிடும்" என்று மனைவி இரண்டு கூடைகளையும் வாங்கிப் போனாள். இருட்டியதும் பந்துகளை உருவிவிட்டு முட்டைகளை அவளே வைத்தாள்.

சாப்பாட்டில் பாதி பாதியாக நறுக்கிய முட்டை, மேலே மிளகுத்தூள். "பால்காரர் முட்டை தேவலையே, தங்கச்சி!" என்று மச்சான் ஒரு கை பார்த்தார்.

"நல்லா சாப்பிடுங்கண்ணே" என்று மேலும் இரண்டு வைத்தாள்.

மூன்று வாரம் ஓடியது. வக்கீல் கிழிந்த கோட்டிலேயே வாதாடித் தோற்றார். மச்சானோ அடிக்கடி வந்து, தையல்காரரின் நாடாவாலேயே முன்பாதியை அளந்துவிட்டுப் போனார். அளக்கிற ஒவ்வொரு தடவையும் தையல்காரருக்கு ஒரு சுற்று இளைத்தது.

ஒரு காலை, மேஜைக்கு அடியில் 'கீச்' என்றது. மகாராணியின் சிறகுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது, அடுத்து இன்னொன்று. தெருவே கடைக்குள் வந்து நின்றது.

மச்சான் மண்டியிட்டார். உடைந்த ஓட்டை முகர்ந்தார். ஒரு குஞ்சைத் தூக்கி, விலைச்சீட்டு தேடுகிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இப்பவாவது ஒத்துக்கறீங்களா, மச்சான்?"

"ஒத்துக்கறேன், பொரிச்சிடுச்சு! ஆனா எப்படி மாப்பிள்ளே? அத்தனையும் நான் அவிச்சுக் கொண்டாந்த முட்டையாச்சே!"