மன்னிப்புக் கேட்ட குரல்

அம்பத்தூர் பார்சல் கிடங்கில் சாமான் ஓடும் பெல்ட்டில் கை சிக்கியதிலிருந்து மரகதத்துக்கு வலது கை விரல்கள் மடங்குவதில்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகும். அதற்கு நஷ்ட ஈடு வரவேண்டும். இப்போதெல்லாம் இதற்குக் கோர்ட்டு, வாய்தா என்று அலைய வேண்டியதில்லை. விசாரிக்கிற கம்ப்யூட்டர் குரல் வீட்டுக்கே போனில் வந்துவிடும். அதனிடம் வாயால் சொல்வதுதான் வாக்குமூலம். சொன்னால் சொன்னதுதான்.

கணவர் தணிகாசலம், பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புவதுபோல் ஒரு வாரமாக அவளுக்குப் பாடம் எடுத்தார். சட்டம் தெரிந்தவர் என்று தெருவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பரப்பியவரும் அவரேதான்.

குரல் வந்தது. அவளுடைய உரிமைகளையெல்லாம் பொறுமையாகச் சொன்னது. பிறகு, "விபத்து யாருடைய தவறு?" என்று கேட்டது.

"பெல்ட்டுக்கு மூடி கிடையாது. கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுது, கம்பெனி போடவே இல்ல."

தணிகாசலம் சத்தம் வராமல் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"கம்பெனி சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம், அம்மா. உங்களுக்கு ரொம்ப வலித்திருக்கும்."

மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, பரவால்லம்மா. விடுங்க."

"நன்றி. மன்னித்துவிட்டதால் வழக்கு முடிந்தது."

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி!"

"நீங்க சொல்லிக் குடுத்ததை அப்படியே ஒப்பிச்சேன்ல? மன்னிப்புக் கேப்பாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

தணிகாசலமும் ஆயுசு முழுக்கக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்தான். அப்படியொன்றை யாராவது கேட்பார்கள் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?