விளாங்குடிக்கு வந்த பஸ்

விளாங்குடிக்குப் பஸ் கேட்டு ஊர்ச்சங்கம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் ஜட்கா வண்டிக்கார பாதுஷா.

சங்கத் தலைவர் நல்லகாமனுக்கே மனசு கேட்கவில்லை. "பாய், பஸ் வந்தா உங்க பொழப்பு என்னாகுறது?"

"ஊருக்கு நல்லதுன்னா சரிண்ணே. அல்லா பாத்துக்குவான்."

பஸ் வந்தது. முதல் மாலையை பாதுஷாவுக்கே போட்டார்கள்.

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ். அடிக்கடி பாதி வழியில் புகை கக்கி நின்றுவிடும். பின்னாலேயே பாதுஷாவின் வண்டி வரும்.

அன்றும் பஸ் நின்றது, வண்டி வந்தது. நல்லகாமன் முந்திக்கொண்டு ஏறினார். "நல்லவேளை வந்தீங்க பாய். மதுரைக்கு இன்னும் எம்புட்டுத் தூரம் கெடக்கு! மனுசன் நடக்க முடியுமா?"

பாதுஷா குதிரையைத் தட்டிவிட்டார்.

"பஸ் வர்றதுக்கு முன்னாடி அம்புட்டுப் பேரும் நடந்துதானண்ணே போனீங்க? ஒருத்தராவது என் வண்டியில ஏறுனீங்களா?"