பெட்டி கேட்ட பெயர்

"இத்த இன்னாத்துக்கு வாங்குறீங்க அங்கிள்? கம்பெனிக்காரனே கைகழுவிட்டான். இந்த வருசத்தோட ஆன்லைன் ஆட்டத்தையும் நிறுத்தப் போறான்."

பாண்டி பஜாரில் ஒரு பழைய காம்ப்ளெக்ஸின் படிக்கட்டுக்கு அடியில் பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாங்கி விற்கிறவள் ஷம்ஷாத். சொல்லிவிட்டு, பளபளவென்று பக்கத்தில் நின்ற புது மாடலைக் கண்ணால் காட்டினாள்.

அய்யாதுரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுதாம்மா வேணும். நிறுத்துற வரைக்கும் ஓடுச்சுன்னா போதும்."

விலையைச் சொன்னாள். சரி என்றார். ஒரு துணி வியாபாரி பேரம் பேசாமல் தலையாட்டியது தி. நகரில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும்.

எழுபது வயதில் ஒருவர் வீடியோ கேம் வாங்க வந்தால் பேரனுக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஷம்ஷாத்தும் அப்படித்தான் நினைத்தாள். அவர் திருத்தவில்லை.

பேரன் கிடையாது. மகன் பொன்சேகர் மெல்போர்னில் இருக்கிறான். அப்பாவிடம் பேசி வருடக்கணக்காகிறது. மருமகள் தாரணிதான் மாமனார் பாவம் என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதுவாள்.

போன வாரம் இப்படி எழுதியிருந்தாள்: மாமா, உங்கள் பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் ஒரு பழைய பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார், முகம் தெரியாத யார் யாருடனோ கிரிக்கெட் ஆடுகிறார், புதுசு வாங்கச் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. கூடவே பெட்டியின் படத்தையும் அனுப்பியிருந்தாள்.

போனை எடுக்காதவன் ஆட்டத்துக்காவது வருவான். அந்த நப்பாசைதான் அவரை இந்தப் படிக்கட்டுக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தியது.

ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் அவருக்குப் பிளவுஸ் துணிக்கடை. எந்தப் புடவையைக் காட்டினாலும் அதே நிறத்தை எடுத்துப் போடுவார். பையன் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த அன்று கடை வாசலில் பலகை மாட்டினார்: அய்யாதுரை அண்ட் சன்.

அந்தப் பையன் வளர்ந்து, கல்லாவில் உட்கார மாட்டேன் என்று விமானம் ஏறினான். அய்யாதுரை வீம்புக்குப் பெயிண்டரைக் கூப்பிட்டுக் கடைசி இரண்டு வார்த்தைகளை அழித்தார். மழைக்கு மழை பெயிண்ட் உரிந்து அவை எட்டிப் பார்க்கும். அவரும் விடாமல் மறுபடி அடிக்கச் சொல்வார்.

மனைவி தங்கபுஷ்பத்தின் காரியத்துக்கு வந்தபோது மகன் அந்தப் பலகையைப் பார்த்தான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பிப் போனவன் அதற்குப் பிறகு அப்பாவின் போனை எடுக்கவும் இல்லை.

கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் அண்ணாச்சி. பேங்கில் சார். 'சேகர் அப்பா' என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள். புருஷன் பெயரை ஆயுசுக்கும் வாய்விட்டுச் சொல்லாதவள் அவள். இப்போதெல்லாம் கடையடைத்து வீட்டுக்குப் போனால் மறுநாள் காலைவரை அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

ஷம்ஷாத் பெட்டியைத் தன் கடை டிவியில் மாட்டி, கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தாள். தலைகீழாகப் பிடித்தார். சிரிக்காமல் வாங்கித் தானே வைத்துக்கொண்டாள்.

பெட்டி முதலில் பெயர் கேட்டது.

"ஆட்டத்துல எல்லாருக்கும் இந்தப் பேருதான் தெரியும் அங்கிள். இன்னா போடட்டும்?"

ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தார். பார்த்த மாத்திரத்தில் மகனுக்குப் புரிய வேண்டும், அழித்தது தப்பு என்று அப்பா ஒப்புக்கொள்கிறார் என்று. அதற்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு.

"அய்யாதுரை அண்ட் சன்" என்றார்.

ஷம்ஷாத் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

"இந்தப் பேர ஏற்கெனவே யாரோ எடுத்துக்கினாங்க அங்கிள்." தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "தோ, பச்சைப் புள்ளி எரியுது பாருங்க. இப்பகூட கிரிக்கெட் ஆடிக்கினுதான் கீறாரு."

அய்யாதுரை ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

உலகத்தில் அந்தப் பெயருக்கு இருந்தது ஒரே ஒரு பலகை. அதையும் அவரே அழித்துவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. ஷம்ஷாத் அவசரப்படுத்தவில்லை.

"சேகர் அப்பான்னு போடும்மா."

பெட்டி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆட வருகிறீர்களா என்று அந்தப் பச்சைப் புள்ளிக்கு ஷம்ஷாத் அழைப்பு அனுப்பினாள்.

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஆடுகிறார்' என்று இருந்தது, 'ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்' என்று மாறியது. பச்சைப் புள்ளி அணையவில்லை.