மிஞ்சிய கேக்

கிறிஸ்து பிறந்த நத்தார் பண்டிகை முடிந்த மறுநாளும் மேசை நிறைய முறுக்கும் கேக்கும் மிஞ்சிக் கிடந்தன.

"கேக்கெல்லாம் கல்லு மாதிரி இருக்கும்மா. என்ன செய்றது?" என்றாள் மகள் ஷெரின்.

"உதிர்த்துப் போடு. பாலும் முட்டையும் ஊத்தி புட்டிங் அவிப்போம்."

"இந்த வருஷம் பலகாரமே செய்யக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பிலோமினா, மாலை போட்டிருந்த கணவனின் படத்தைப் பார்த்தாள். அவர் போய் ஒரு மாதம்தான். நத்தாருக்கு அவள் அடுப்பில் சட்டி வைக்கவே இல்லை. அதைத் தெரிந்துகொண்டு, வருஷா வருஷம் அவளிடம் கேக் வாங்கித் தின்ற தேயிலைத் தோட்டத்து லய வரிசையிலிருந்த இந்து வீடுகளெல்லாம், முதல்தடவையாகக் கேக் சுட்டு, முறுக்கும் சேர்த்துத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்திருந்தன.

"சொன்னேன்தான். அதுக்காக அவங்க தட்டை வெறுமனே திருப்பிக் குடுக்கவா?" என்றபடி அடுப்பை மூட்டினாள்.